பெரியவர்களுக்கு வரும் பிராங்கியோலைட்டிஸ்: வகை பிரிப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

சி.டி. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "பிராங்கியோலைட்டிஸ் இருக்கலாம், மருத்துவ விவரங்களோடு பொருத்திப் பார்க்கவும்" என்று இருக்கும். பிராங்கியோலைட்டிஸ் என்றால் நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்களில் வரும் அழற்சி. படிப்பவர் பயிற்சி மருத்துவரானாலும் சரி, நோயாளியின் மகளானாலும் சரி, அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த பிராங்கியோலைட்டிஸ்?

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் இந்தக் கேள்விக்குப் பெரிதாக வேலை இல்லை. அங்கே பிராங்கியோலைட்டிஸ் என்றால் பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ் தொற்று. மூக்கு ஒழுகி, இழுப்பு வந்து, சில வாரங்களில் தணிந்துவிடும். பெரியவர்களிடம் அதே சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு நோய்கள் குடியிருக்கின்றன. ஒன்று தானாகவே போய்விடும். ஒன்று சிகரெட்டை விட்டால் அடங்கும். ஒன்று குறைந்த அளவு எரித்ரோமைசினுக்கு அசைந்து கொடுக்கும். இன்னொன்று எந்த மருந்துக்கும் மசியாமல் நுரையீரலை மெல்ல மெல்ல மூடிவிடும். வகை பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் முதல் மூன்றில் தேவையில்லாத பக்கவிளைவு. நான்காவதில் வீணான நம்பிக்கை.

இங்கே பின்பற்றும் வரிசை இது: நோயாளியின் கதை, மூச்சுப் பரிசோதனை, சி.டி., அப்புறம்தான் பெயர். பயாப்சி (திசுத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) தேவைப்பட்டால் கடைசியில். நுண்ணோக்கியில் தொடங்குவது பாடப்புத்தக வரிசை. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது உதவாது என்பது என் கட்சி.

முதலில் இடம்

மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து உள்ளே போகும்போது ஒரு கட்டத்தில் சுவரில் இருக்கும் குருத்தெலும்பு காணாமல் போகிறது. அங்கிருந்து நுண்குழாய் (பிராங்கியோல்). உள்விட்டம் சுமார் 2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. காற்றைக் கடத்த மட்டுமே செய்யும் கடைசிக் குழாய் முனை நுண்குழாய். அதற்கு அடுத்து, சுவரிலேயே காற்றறைகள் முளைக்கத் தொடங்கும் பகுதி சுவாச நுண்குழாய். இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒற்றை நுண்குழாய் மிகக் குறுகலானது. ஆனால் ஆயிரக்கணக்கில் இணையாக இருப்பதால் மொத்தப் பரப்பு பெரியது. ஆரோக்கியமான நுரையீரலில் காற்றோட்டத் தடையில் இவற்றின் பங்கு சுமார் 10 முதல் 20% தான். அதனால் கணிசமான நுண்குழாய்கள் கெட்டுப் போகும்வரை நோயாளிக்கும் தெரியாது, சாதாரணப் பரிசோதனைக்கும் தெரியாது. நுரையீரல் இயல் ஆய்வாளர்கள் இதை 'அமைதி மண்டலம்' என்று அழைத்ததற்குக் காரணம் இதுதான்.

சி.டி. படிக்க இன்னொரு அலகும் வேண்டும்: நுண்மடல். 1 முதல் 2.5 செ.மீ. அளவுள்ள பலகோண வடிவத் துண்டு. அதன் நடுவில் நுண்குழாயும் தமனிக் கிளையும் ஜோடியாக ஓடும். விளிம்பில் சிரைகளும் நிணநீர்க் குழாய்களும். ஆகவே புள்ளி நடுவில் விழுந்தால் நுண்குழாயைச் சந்தேகிக்கலாம்.

படி 1: கதையைக் கேட்பது

என் கணக்கில் பாதி வகைப்பாடு இங்கேயே முடிந்துவிடும், கேட்க வேண்டியதைக் கேட்டால்.

முதலில் வேகம். நாட்களில் வந்ததா, வாரங்களிலா, மாதங்களிலா? காய்ச்சலும் சளியுமாக ஒரு வாரத்தில் வந்தது தொற்று வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது ஆறு மாதமாகக் கூடிக்கொண்டே போகிறது, இருமல் வறட்டு இருமல், காய்ச்சல் இல்லை என்றால் தழும்பு வகையை, அதாவது நுண்குழாய்கள் தழும்பாகி மூடிக்கொள்ளும் வகையை, நினைக்க வேண்டும். வருடக்கணக்கில் சளி, கூடவே தீராத சைனஸ் என்றால் பாதை வேறு.

அடுத்து புகை. பிடிக்கிறாரா, எப்போது விட்டார், மின்சிகரெட் உண்டா.

மூன்றாவது வேலை. "என்ன வேலை?" என்ற கேள்வி போதாது. அந்த வேலையில் மூக்கில் ஏறுவது என்ன என்று கேட்க வேண்டும். 2000-இல் அமெரிக்காவின் மிசூரியில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர்கள் எட்டுப் பேருக்குத் தழும்பு வகை இருப்பது தெரியவந்தது. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கும் டையசிட்டைல் ஆவிதான் காரணம் என்று பின்னால் தெளிந்தது. தீவனச் சேமிப்புக் கலன்களில் உருவாகும் நைட்ரஜன் டையாக்சைடு, போரில் பயன்பட்ட மஸ்டர்ட் வாயு, குளோரின், அம்மோனியா எல்லாம் இதே பட்டியலில் வரும். 1984 போபால் விபத்தில் உயிர் பிழைத்தவர்களிடம் பத்தாண்டுகளுக்குப் பிறகும் சிறு காற்றுவழி அடைப்பு நீடித்தது. ஈராக்கில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் 2003-இல் மொசூல் அருகே கந்தகச் சுரங்கம் எரிந்த புகையைச் சுவாசித்திருந்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வில் பயாப்சி செய்யப்பட்ட 49 பேரில் 38 பேருக்குத் தழும்பு வகை இருந்தது. அவர்களில் பலருக்கு சி.டி.யும் மூச்சுப் பரிசோதனையும் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தன என்பதுதான் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது.

நான்காவது, உடலின் மற்ற பாகங்கள். காலையில் விரல் மூட்டு விறைப்பா? முடக்குவாதம். கண்ணும் வாயும் வறட்சியா? ஷோக்ரன் நோய். அடிக்கடி நிமோனியா, சைனஸ் என்று படுக்கிறாரா? நோயெதிர்ப்புக் குறைபாடு. தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறதா, இரவில் நெஞ்செரிச்சலோடு எழுகிறாரா? உணவோ இரைப்பை அமிலமோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் வகை. உறுப்பு மாற்றோ ஸ்டெம் செல் மாற்றோ நடந்திருந்தால் மற்றக் கேள்விகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அதிலிருந்தே தொடங்கலாம்.

கடைசியாக, வாய்வழி போனவை: மருந்து, மூலிகை, பத்தியம். 1990-களின் நடுவில் தைவானில் உடல் எடை குறைக்க சௌரோபஸ் ஆண்ட்ரோஜைனஸ் என்ற கீரையின் பச்சைச் சாற்றைத் தினமும் குடித்தவர்களிடம், பெரும்பாலும் பெண்களிடம், மீளாத நுண்குழாய் அடைப்பு கொத்துக் கொத்தாகத் தோன்றியது. "இயற்கைதானே" என்று நோயாளி சொல்லாமல் விடும் பொருளைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

படி 2: மூச்சுப் பரிசோதனை

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையில் பார்க்க வேண்டியது மூன்று. அடைப்பு உண்டா, அதாவது முதல் நொடியில் ஊதிய காற்றுக்கும் மொத்தம் ஊதிய காற்றுக்கும் உள்ள விகிதம் குறைந்திருக்கிறதா? மூச்சுக்குழாய் விரிப்பு மருந்து கொடுத்தபின் எண் ஏறுகிறதா? ஊதி முடித்த பிறகும் நுரையீரலில் தங்கும் காற்று, அதாவது எச்சக் கொள்ளளவு, கூடியிருக்கிறதா?

தழும்பு வகையின் பாணி இது: அடைப்பு உண்டு, மருந்துக்கு ஏறாது, எச்சக் கொள்ளளவு கூடுதல். ஆஸ்துமா என்று ஆண்டுக்கணக்கில் இன்ஹேலர் எடுத்தும் எண் அசையாத நோயாளியிடம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். காற்றறைகள் சிதையும் எம்பிசீமாவிலிருந்து பிரிக்க வாயுப் பரிமாற்றச் சோதனை உதவும்: எம்பிசீமாவில் அது நன்றாகக் குறையும், தூய தழும்பு வகையில் ஓரளவு காப்பாற்றப்பட்டிருக்கும்.

அடைப்புக்குப் பதில் நுரையீரல் சுருங்கிய பாணி வந்தால் நோய் நுண்குழாயோடு நிற்கவில்லை, சுற்றியுள்ள திசுவுக்கும் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எச்சரிக்கை: காற்றுத் தேக்கம் அதிகமாகி ஊதும் மொத்த அளவும் சேர்ந்து குறைந்தால் விகிதம் இயல்பாகத் தெரியும். அதனால்தான் எச்சக் கொள்ளளவைத் தனியாக அளக்கச் சொல்கிறேன்.

ஊதலின் நடுப்பகுதி வேகத்தை மட்டும் காட்டி "சிறு காற்றுவழி நோய்" என்று அச்சடித்துத் தரும் இயந்திரங்கள் நிறைய. அந்த எண் ஒரே ஆளிடம் ஒரே நாளில்கூட அலையும். அதை மட்டும் நம்பி யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள்.

படி 3: சி.டி.யை இரண்டு முறை எடுப்பது

மெல்லிய வெட்டு சி.டி. வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு முறை, முழுக்க வெளியே விட்டு ஒரு முறை. இரண்டாவது எடுக்காமல் விட்டால் தழும்பு வகை கண்ணில் படாமலே போகலாம்.

நோயாளி உண்மையிலேயே மூச்சை வெளியே விட்டாரா என்று தெரிந்துகொள்ள மூச்சுப் பெருங்குழாயின் பின்சுவரைப் பாருங்கள். அது குருத்தெலும்பு இல்லாத மெல்லிய சவ்வு. நன்றாக வெளிவிட்ட படத்தில் தட்டையாகவோ உள்பக்கம் குழிந்தோ இருக்கும். வெளிப்பக்கம் புடைத்து, குழாய் முழு வட்டமாகத் தெரிந்தால் அவர் மூச்சை விடவே இல்லை. அந்தப் படத்தில் காற்றுத் தேக்கம் இல்லை என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

ஆரோக்கியமான நுண்குழாய் சி.டி.யில் தெரியாது. சுவர் தடித்தாலோ உள்ளே சளி அடைத்தாலோதான் தெரியும். இது நேரடி அடையாளம். குழாய் தெரியாமல், அது அடைத்ததன் விளைவு மட்டும் தெரிவது மறைமுக அடையாளம். நடைமுறையில் மூன்று தோற்றங்கள்.

துளிர்த்த கிளைத் தோற்றம். நுண்மடலின் நடுவே சிறு சிறு புள்ளிகள், அவற்றைக் கோக்கும் கவட்டை வடிவக் கோடுகள். நுண்குழாய்க்குள் சளியோ சீழோ நிரம்பியதன் அச்சு அது. இதைக் கண்டால் முதலில் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய் மூச்சுக்குழாய் வழியாகப் பரவும்போது வருவது இதுவே. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா, மைக்கோபிளாஸ்மா, பாக்டீரியா, புரையேறுதல், பான்பிராங்கியோலைட்டிஸ் (படி 5-இல் வரும்) எல்லாமே இதைத் தரும். இடம் ஒரு துப்பு: வலது நடு மடலும் இடது லிங்குலாவும் (இடது மேல் மடலின் நாக்கு போன்ற கீழ்ப்பகுதி) என்றால் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா, படுத்தால் தாழும் பகுதிகளில் மட்டும் என்றால் புரையேறுதல், இரண்டு பக்கமும் அடிப்பகுதியில் பரவலாக, சைனஸும் சேர்ந்தால் பான்பிராங்கியோலைட்டிஸ்.

மங்கலான நடுப்புள்ளிகள். ஓரம் தெளிவில்லாத, தேய்த்த கண்ணாடி போன்ற 'கிரவுண்ட் கிளாஸ்' அடர்த்தியில் உள்ள புள்ளிகள். கிளைக் கோடுகள் இல்லை. நுண்குழாயைச் சுற்றி அழற்சி என்று பொருள். புகைப்பவரின் மேல் மடல்களில் இருந்தால் சுவாச பிராங்கியோலைட்டிஸ். புகைக்காதவரிடம் நுரையீரல் முழுக்க இருந்தால் பறவை எச்சம், பூஞ்சைத் தூசு போன்றவற்றால் வரும் மிகைஉணர்வு நிமோனைட்டிஸ். முடக்குவாதமோ ஷோக்ரனோ இருந்தால், நிணநீர்த் திரள்கள் வளரும் ஃபாலிகுலர் வகை.

மொசைக் தோற்றம். நுரையீரலில் இரண்டு சாயல்: திட்டுத் திட்டாகக் கறுப்பு, திட்டுத் திட்டாகச் சாம்பல். இதில் நோயுற்றது எது, கறுப்பா சாம்பலா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு கேள்வி போதும். கறுப்புத் திட்டில் ரத்தக்குழாய்கள் மெலிந்திருக்கின்றனவா? மூச்சை விட்ட படத்தில் கறுப்புக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் கூடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கறுப்புதான் நோயுற்றது, காரணம் நுண்குழாய். குழாய்கள் மெலிந்திருந்தும், மூச்சை விட்டதும் எல்லாம் ஒரே மாதிரிச் சாம்பலாக மாறினால் காரணம் ரத்தக்குழாய். நுரையீரலில் நாட்பட்ட ரத்தக்கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். ரத்தக்குழாய் எல்லா இடத்திலும் ஒரே பருமன் என்றால் நோய் சாம்பலில் இருக்கிறது, அது கிரவுண்ட் கிளாஸ்.

ஒரே படத்தில் கறுப்பு, இயல்பு, சாம்பல் என மூன்று சாயலும் அருகருகே, கொஞ்சம் தழும்பும் சேர்ந்து இருந்தால் மிகைஉணர்வு நிமோனைட்டிஸ் பக்கம் சாயுங்கள். அப்புறம், அடிப்பகுதியில் ஓரிரு நுண்மடல்களில் காற்றுத் தேக்கம் என்பது ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணம். அதை நோயாக்க வேண்டாம்.

படி 4: நுண்குழாய் கதாநாயகனா, கூட வந்தவனா?

2003-இல் மேயோ கிளினிக்கின் ரியு, மையர்ஸ், ஸ்வென்சன் மூவரும் முன்வைத்த பிரிப்பு இன்றும் கைகொடுக்கிறது. மூன்று பெட்டிகள்: ஒன்று, நோயே நுண்குழாயில்தான் என்பவை; இரண்டு, நுண்குழாயும் தெளிவாகப் பாதிக்கப்பட்ட நுரையீரல் இடைத்திசு (காற்றறைகளைச் சுற்றியுள்ள திசு) நோய்கள்; மூன்று, பெரிய மூச்சுக்குழாய் நோய் கீழே இறங்கியவை.

மூன்றாவது பெட்டியை முதலில் காலி செய்யுங்கள், ஏனென்றால் அதுதான் சுலபம். மூச்சுக்குழாய் விரிவு நோய், நாட்பட்ட பிராங்கைட்டிஸ், ஆஸ்துமா ஆகியவற்றில் நுண்குழாய் கெடுவது எதிர்பார்த்ததுதான். பெரிய குழாய்கள் வெளிப்படையாக விரிந்திருந்தால் துளிர்த்த கிளைக்குத் தனிப் பெயர் தேவையில்லை.

இரண்டாவது பெட்டியில் மிகைஉணர்வு நிமோனைட்டிஸ், புகைப்பவர்களின் இடைத்திசு நோய், லாங்கர்ஹான்ஸ் செல் நோய், சார்கோய்டோசிஸ் வரும். ஆர்கனைசிங் நிமோனியாவும் இங்கேதான். 1980-களில் அதன் பெயரில் 'பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டரன்ஸ்' என்பதும் ஒட்டியிருந்தது. 2002-இல் அமெரிக்க, ஐரோப்பிய மார்பு நோய்ச் சங்கங்கள் அதைக் கழற்றிவிட்டன. பழைய கோப்புகளில் பழைய பெயர் கண்ணில் பட்டால் எச்சரிக்கையாக இருங்கள்: அது நுரையீரல் சுருங்கும் பாணியில் வந்து ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும் நோய். தழும்பு வகை அடைப்புப் பாணியில் வந்து ஸ்டீராய்டுக்குப் பெரும்பாலும் கேட்காத நோய். பெயர் ஒட்டிப் பிறந்தது போல இருந்தாலும் போக்கு நேர் எதிர்.

படி 5: முதல் பெட்டிக்குள் போவது

தழும்பு வகை, அதாவது கன்ஸ்ட்ரிக்டிவ் அல்லது ஆப்லிட்டரேட்டிவ் பிராங்கியோலைட்டிஸ். உள்தோலுக்கும் தசைக்கும் நடுவே நார்த்திசு வளையமாகப் படிந்து குழாயை வெளியிலிருந்து உள்நோக்கி நெரிக்கிறது. முனை நுண்குழாய்தான் முக்கிய இலக்கு. கடைசியில் துளையே இருக்காது. மீளாது என்பதால் இதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் சிகிச்சையில் பாதி.

காரணத்தைத் தேடாமல் இந்தப் பெயரை எழுதி முடிக்கக் கூடாது. நச்சு வாயு, முடக்குவாதம், குழந்தைப் பருவத்தில் வந்த அடினோவைரஸ் தொற்று, ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எதிர்வினை, பாராநியோபிளாஸ்டிக் பெம்ஃபிகஸ் என்ற அரிய கொப்புள நோய், மாற்று அறுவை என்று பட்டியல் நீளம். சிறுவயதுத் தொற்றுக்குப் பின் ஒரு பக்க நுரையீரல் மட்டும் கறுத்துச் சிறுத்துத் தெரிவதற்கு ஸ்வையர்-ஜேம்ஸ்-மெக்லியோட் நோய்க்குறி என்று பெயர். பெரியவரிடம் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் இது தற்செயலாக அகப்படுவது உண்டு.

நடுவயதுப் பெண்கள், நெடுநாள் இருமல், ஆஸ்துமா என்ற முத்திரை, சி.டி.யில் மொசைக்கோடு சின்னச் சின்ன முடிச்சுகள் என்ற கூட்டு வந்தால் டிப்னெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும், நரம்பு-நாளமில்லா செல்கள் பெருகும் நோயைத் தேடுங்கள். முடிச்சைப் பார்த்துப் புற்றுநோய்ப் பரவல் என்று பயப்படுவதும், மூச்சிரைப்பைப் பார்த்து ஆஸ்துமா என்று விடுவதும் ஒரே நோயாளிக்கு நடக்கும்.

மாற்று அறுவைக்குப் பின் வருவதை வகைப்படுத்த பயாப்சி வேண்டாம், எண்ணே போதும். நுரையீரல் மாற்றில், அறுவைக்குப் பின் கிடைத்த சிறந்த இரண்டு முதல்-நொடி அளவுகளின் சராசரியை அடிப்படையாக எடுத்து, அதிலிருந்து 20% அல்லது அதற்கு மேல் குறைந்து, குறைந்தபடியே நின்று, வேறு காரணம் இல்லாமல், அடைப்புப் பாணியும் இருந்தால் பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டரன்ஸ் நோய்க்குறி. சுருங்கும் பாணி என்றால் அது வேறு கிளை, போக்கும் மோசம். ஸ்டெம் செல் மாற்றில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2014-இல் புதுப்பித்த அளவுகோல்: விகிதம் 0.7-க்குக் கீழ், முதல்-நொடி அளவு எதிர்பார்ப்பதில் 75%-க்குக் கீழ், அதுவும் இரண்டு ஆண்டுக்குள் 10% அல்லது அதற்கு மேல் விழுந்திருக்க வேண்டும், தொற்று இருக்கக் கூடாது, கூடவே காற்றுத் தேக்கத்துக்குச் சான்றோ வேறு உறுப்பில், மாற்றி வைத்த செல்கள் உடலையே தாக்கும் ஒட்டு-எதிர்-ஓம்புநர் நோயோ வேண்டும். 75% வரை காத்திருப்பது தாமதம்தான். மாதாமாதம் ஊதிப் பார்க்கும் நோயாளியிடம் சரிவு தொடங்கும்போதே கவனிக்கலாம்.

பான்பிராங்கியோலைட்டிஸ். 1960-களில் ஜப்பானில் ஹொம்மா, யமனாகா குழுவினர் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். கிழக்காசியாவில் அதிகம், ஜப்பானியர்களிடம் எச்.எல்.ஏ.-பி54, கொரியர்களிடம் எச்.எல்.ஏ.-ஏ11 மரபுக் குறியோடு தொடர்பு உண்டு. மற்ற நாடுகளிலும் அங்குமிங்குமாக வரும், அதனால் "இங்கே கிடையாது" என்று ஒதுக்க வேண்டாம். அடையாளங்கள்: தீராத இருமல், ஏராளமான சளி, மூச்சிரைப்பு, நாட்பட்ட சைனஸ், சி.டி.யில் இருபக்கமும் நடுப்புள்ளிகள். இவற்றோடு கரகரப்பு ஒலி, அடைப்பும் ஆக்சிஜன் குறைவும், ரத்தத்தில் குளிர் ஹீமக்ளூட்டினின் (குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள்) 64 மடங்கு அல்லது மேல் என்பவை துணைச் சான்றுகள். நுண்ணோக்கியில் சுவாச நுண்குழாயின் சுவர் முழுக்க அழற்சி, நுரைத்த மேக்ரோஃபேஜ் (கழிவை விழுங்கும்) செல்கள்.

இதை வகை பிரிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 1970-களில் ஐந்தாண்டு உயிர் பிழைப்பு சுமார் 63%. ஷோஜி குடோ குழுவினர் தினம் 400 முதல் 600 மி.கி. எரித்ரோமைசினை நீண்ட நாள் கொடுக்கத் தொடங்கிய பிறகு, 1985-க்குப் பின் நோய் கண்டறியப்பட்டவர்களிடம் அது 90%-ஐத் தாண்டியது. கிருமியைக் கொல்லும் வேலையல்ல அது. எரித்ரோமைசினுக்கு அடங்காத சூடோமோனாஸ் பாக்டீரியா குடியேறிய நோயாளியிடமும் பலன் கிடைக்கிறது. அழற்சியைத் தணிப்பதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் நீண்ட நாள் மேக்ரோலைடு (எரித்ரோமைசின் குடும்ப மருந்து) தொடங்கும் முன் சளியில் மைக்கோபாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவுக்கு மேக்ரோலைடை மட்டும் தனியே கொடுத்தால், பின்னால் தேவைப்படும் அதே மருந்துக்கு எதிர்ப்பு வளர்ந்துவிடும். பான்பிராங்கியோலைட்டிஸும் இந்தத் தொற்றும் சி.டி.யில் ஒன்றுபோல் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சுவாச பிராங்கியோலைட்டிஸ். புகைப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஏதோ ஒரு அளவில் இருக்கும். சுவாச நுண்குழாயில் பழுப்பு நிறமேறிய மேக்ரோஃபேஜ்கள் குவிந்திருக்கும். அறிகுறி இல்லையென்றால் அது நோயைவிடப் புகைத்ததற்கான தடயம். மூச்சிரைப்பும் பரிசோதனையில் குறைவும் சேர்ந்தால் இடைத்திசு நோய் என்ற பெயருக்கு ஏறும். சிகிச்சை, புகையை விடுவது. விட்ட பிறகும் தடயம் ஆண்டுக்கணக்கில் தங்கலாம்.

ஃபாலிகுலர் வகை. நுண்குழாயை ஒட்டி நிணநீர்த் திரள்கள் வளர்ந்து பக்கவாட்டில் அழுத்துகின்றன. பெரும்பாலும் தனியாக வராது: முடக்குவாதம், ஷோக்ரன், பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு, எச்.ஐ.வி. இவற்றில் ஒன்று பின்னால் இருக்கும். அதனால் இந்தப் பெயர் ரிப்போர்ட்டில் வந்தால் இம்யூனோகுளோபுலின் அளவு, ருமட்டாய்டு காரணி, எச்.ஐ.வி. சோதனை மூன்றும் தானாகவே பின்தொடர வேண்டும். முடக்குவாதத்தில் தழும்பு வகையும் வரலாம், ஃபாலிகுலர் வகையும் வரலாம். போக்கு வேறு என்பதால் "முடக்குவாத நுரையீரல்" என்று பொத்தாம் பொதுவாக எழுதி நிறுத்தாதீர்கள்.

தொற்று வகை பெரியவர்களிடமும் உண்டு: ஆர்.எஸ்.வி., இன்ஃபுளுயன்சா, அடினோவைரஸ், மைக்கோபிளாஸ்மா. பெரும்பாலும் தணியும். புரையேறுதல் வகை முதியவர்களிடம், பக்கவாதமோ நடுக்குவாதமோ உள்ளவர்களிடம் அதிகம். விழுங்கும் சோதனை செய்யாமல் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் காலம் போய்விடும். கல்நார், சிலிக்கா, நிலக்கரி, இரும்புத் தூசு படிந்து வருவது கனிமத் தூசு வகை. வேலை வரலாறுதான் அதன் சாவி.

படி 6: பயாப்சி எப்போது?

மாற்று அறுவைக்குப் பின், புகைப்பவரின் தெளிவான படத்தில், தொற்று நிரூபணமானதில், அளவுகோல் பொருந்தும் பான்பிராங்கியோலைட்டிஸில் தேவையில்லை. காரணம் தெரியாமல் நோய் வளரும்போதும், முடிவு சிகிச்சையை மாற்றும்போதும் யோசிக்கலாம்.

பிராங்கோஸ்கோப் வழியே எடுக்கும் துணுக்கு சில மி.மீ. மட்டுமே. தழும்பு வகையோ திட்டுத் திட்டாக இருக்கும் நோய். துணுக்கு இயல்பாக வந்தால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அறுவைப் பயாப்சி வேண்டும், அதையும் பல மட்டங்களில் வெட்டிப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள நோய்க்கூறு மருத்துவர் தமனியைப் பிடித்துக்கொண்டு தேடுவார். ஒவ்வொரு தமனிக் கிளைக்கும் பக்கத்தில் ஏறக்குறைய அதே பருமனில் ஒரு நுண்குழாய் இருந்தாக வேண்டும். தமனி தனியாக நின்றால் எலாஸ்டிக் சாயம் ஏற்றிப் பார்ப்பார். மறைந்துபோன குழாயின் எலாஸ்டின் வளையம் மட்டும் கறுப்பாக எஞ்சியிருக்கும். சாதாரண சாயத்தில் அது வெறும் தழும்பாகக் கரைந்துவிடும்.

நோய்க்கூறு ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது, செல்கள் நிறைந்த அழற்சியா, நார்த்திசுத் தழும்பா என்பது. முன்னதற்கு மீட்சிக்கு இடமுண்டு. பின்னதில் இருப்பதைக் காப்பதே இலக்கு.

படி 7: பெயரை எழுதுவது

"பிராங்கியோலைட்டிஸ்" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் வகை, காரணம், நிலை மூன்றையும் எழுதுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 52 வயதுப் பெண், புகைத்ததில்லை, பத்தாண்டு முடக்குவாதம். எட்டு மாதமாக மூச்சிரைப்பு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் சின்னக் கீச்சொலி. அடைப்புப் பாணி, விரிப்பு மருந்துக்கு மாற்றமில்லை, எச்சக் கொள்ளளவு கூடுதல், வாயுப் பரிமாற்றம் ஏறக்குறைய இயல்பு. இழுத்த படம் கிட்டத்தட்டத் தெளிவு. விட்ட படத்தில் இருபக்கமும் கறுப்புத் திட்டுகள், உள்ளே மெலிந்த ரத்தக்குழாய்கள். இதற்குப் பயாப்சி வேண்டாம். எழுத வேண்டியது: "கன்ஸ்ட்ரிக்டிவ் பிராங்கியோலைட்டிஸ், முடக்குவாதம் சார்ந்தது, மிதமான அடைப்பு, வளர்ந்துவரும் நிலை." இவருக்கே விட்ட படத்தில் கறுப்புத் திட்டு இல்லாமல் மங்கலான நடுப்புள்ளிகள் மட்டும் இருந்திருந்தால் முதல் சொல் ஃபாலிகுலர் என்று மாறும், சிகிச்சையின் எதிர்பார்ப்பும் மாறும்.

எழுதிய பெயர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு உரியது. மூச்சுப் பரிசோதனையை அதே ஆய்வகத்தில் திரும்பச் செய்யுங்கள், இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும். தொற்று என்று எழுதியது ஆறு வாரத்தில் தெளியாவிட்டால், தழும்பு என்று எழுதியது ஸ்டீராய்டுக்குச் சட்டென்று ஏறிவிட்டால், புகைப்பவரின் வகை என்று எழுதியது புகையை விட்டும் வளர்ந்துகொண்டே போனால், சிகிச்சையை மாற்றும் முன் படி 1-க்குப் போய்க் கதையை மறுபடி கேளுங்கள். அதிகம் விட்டுப்போவது வேலை செய்யுமிடமும் வீட்டில் இருக்கும் பறவையும்தான்.